அண்ணனின் பிறப்புச் சான்றிதழ்

1

நவம்பர் முதல் வாரம் வந்தால் இந்த ஊர்ப் பூக்கடைகளில் சாமந்தியைத் தவிர வேறு பூ கண்ணில் படாது. மஞ்சளும் வெள்ளையும் கருஞ்சிவப்புமாகத் தொட்டி தொட்டியாக நடைபாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். நான் பிரான்சுக்கு வந்த முதல் வருடம் என் மேலதிகாரி தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். வெறுங்கையோடு போகக் கூடாது என்பது நம் வளர்ப்பு. இருப்பதிலேயே பெரிய சாமந்தித் தொட்டியாகப் பார்த்து வாங்கி, மார்போடு அணைத்துக்கொண்டு ரயிலேறிப் போனேன். கதவைத் திறந்த அவர் மனைவி தொட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே திரும்பித் தன் மாமியாரைப் பார்த்தார். இங்கே சாமந்தி கல்லறைக்கு மட்டும்தான். எண்பது வயது மாமியார் இருக்கிற வீட்டுக்கு நான் அதைச் சுமந்துகொண்டு போயிருந்தேன். அந்த அம்மாள் அன்று சூப்பைத் தொடவில்லை.

அது நடந்து பதினைந்து வருடமாகிறது. இப்போது எனக்கு எல்லாம் தெரியும். தெரிந்த திமிரோடு போன வருடம் பூக்கடை வழியாக என் மகள் கிளாராவோடு நடந்து போய்க்கொண்டிருந்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் பிரெஞ்சில் கேட்பாள், நான் தமிழில் பதில் சொல்வேன், இருவரும் பாதி புரிந்துகொள்வோம். எங்கள் வீட்டு ஒப்பந்தம் அது.

எல்லாரும் கல்லறைக்குப் பூ எடுத்துப் போகிறார்களே, நமக்கு ஏன் ஒரு கல்லறைகூட இல்லை என்று கேட்டாள். வகுப்பில் எல்லாருக்கும் குறைந்தது இரண்டு இருக்கிறதாம்.

"தாத்தா கல்லறை காரைக்கால்ல இருக்கும்மா," என்றேன்.

"வேற?"

"வேற யாரும் இல்ல."

பொய். இன்னொன்று இருக்கிறது. அதைப் பற்றி அதுவரை என் மனைவியைத் தவிர யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை. காரைக்காலிலும் சுற்றுவட்டாரத்திலும் இதைப் படிக்கப்போகிற உங்களுக்குச் சொல்கிறேன். ஊர்ப் பெயர்களைத் தவிர மற்றப் பெயர்களை மாற்றித்தான் எழுதுகிறேன். எனக்குப் பயம் முழுதாகப் போய்விட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

2

என் அப்பா ரொட்டிக்காரர். காரைக்கால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கும் பிரெஞ்சு அதிகாரிகள் வீடுகளுக்கும் காலையில் சுடச்சுட நீள ரொட்டி போட்டவர். வெள்ளைக்காரர்கள் கப்பலேறியதும் நீள ரொட்டியை நிறுத்திவிட்டு, அதே அடுப்பில் பன்னும் வர்க்கியும் சுட ஆரம்பித்தார். கொடி மாறிய நாளில் ஊரே கடைத்தெருவில் நிற்க, அவர் மட்டும் மாவு பிசைந்துகொண்டிருந்தாராம். "எந்த ராஜாங்கமா இருந்தா என்ன, மாவு பொங்கினா சரி" என்பது அவருடைய அரசியல்.

அம்மாவின் ஊர் பொறையாறு. வரைபடத்தில் பார்த்தால் காரைக்காலுக்கும் பொறையாறுக்கும் இடையே நண்டலாறு ஒன்றுதான். கோடையில் அதில் கணுக்காலளவுகூடத் தண்ணீர் இருக்காது. ஆனால் அந்தக் காலத்தில் இந்தக் கரை பிரான்ஸ், அந்தக் கரை இங்கிலாந்து. ஏழு கடல் தாண்டி வந்த இரண்டு சாம்ராஜ்யங்கள் எங்கள் ஊர் வாய்க்காலை நடுவில் வைத்துக்கொண்டு, பங்காளிகள் வேலி போட்டதுபோல ஆளுக்கொரு சுங்கச்சாவடி போட்டு உட்கார்ந்திருந்தன. பெண் கொடுப்பதும் எடுப்பதும் மட்டும் சாவடியைக் கேட்காமல் நடந்தது.

தலைச்சன் பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். அப்பா கேட்கவில்லை. தான் ரொட்டி போடுகிற ஆஸ்பத்திரி இருக்க, ஆறு தாண்டிப் போய்ப் பெற்றுக்கொள்வதா என்றார். பிள்ளை காரைக்காலில் பிறந்தது. வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பிறந்த பிள்ளை என்பதால் ஆரோக்கியசாமி என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் நாள் அப்பா இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பிரெஞ்சுப் பதிவேட்டில் எழுதிவிட்டு வந்தார். பிரெஞ்சு எழுத்தில் அந்தப் பெயர் ஒரு வரி முழுக்க ஓடியது.

ஒன்றரை வயதில், பொறையாறில் மாமா கல்யாணத்துக்குப் போன இடத்தில், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டது. மூன்று நாள்தான். அங்கேயே அடக்கம் செய்தார்கள். அந்த ஊர்க் கிராம முன்சீப் தன் ஏட்டில் ஒரு வரி எழுதிக்கொண்டார். பிறந்ததை ஒரு சர்க்கார் எழுதியது, இறந்ததை இன்னொரு சர்க்கார் எழுதியது. இரண்டும் பேசிக்கொள்ளவில்லை.

அடுத்த வருடம் அம்மா மறுபடி உண்டானாள். இந்த முறை, "நான் பொறையாறுலதான் பெத்துக்குவேன். அவன் பக்கத்துல இருந்து பெத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டாளாம். அப்பா மறுக்கவில்லை. அப்படிப் பிறந்தவன் நான். மாதாவுக்கு நேர்ந்த பெயரை இன்னும் செலுத்தி முடிக்கவில்லை என்று அதே பெயரையே எனக்கும் வைத்தார்கள். இதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான்.

என்னைப் பிரெஞ்சுப் பதிவேட்டில் எழுத வேண்டுமென்றால், முதலில் அண்ணன் இறந்ததைச் சொல்ல வேண்டும். அதற்குப் பொறையாறு முன்சீப்பிடம் காகிதம் வாங்க வேண்டும். அதைப் பிரெஞ்சில் பெயர்த்து, முத்திரை வைத்து, சாட்சி வைத்து, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்பதற்கு ஒரு விளக்கமும் எழுதிக் கொடுக்க வேண்டும். ரொட்டிக்காரருக்கு அடுப்பை விட்டு அகல நேரமில்லை. அவர் யோசித்துச் சொன்ன நியாயத்தை அம்மா பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறாள்:

"இருக்குறது ஒரு ஆரோக்கியசாமி. எழுதியிருக்குறதும் ஒரு ஆரோக்கியசாமி. சரியாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்கு அங்க போய்க் கெளறணும்?"

சரியாகத்தான் இருந்தது. ஆள் மட்டும்தான் வேறு.

3

அந்தச் சான்றிதழோடுதான் என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். உடம்புக்கு மூன்று வயது, காகிதத்துக்கு ஐந்தரை. எட்டாம் வகுப்பு வரை வகுப்பிலேயே குள்ளன் நான்தான். பள்ளிக்கு வந்த மருத்துவர் என் வயதையும் உயரத்தையும் பார்த்துத் திடுக்கிட்டு, தினமும் மீன் எண்ணெய் குடிக்கச் சொன்னார். அண்ணனின் வயதை எட்டிப் பிடிப்பதற்காக நான் நாலு வருடம் மீன் எண்ணெய் குடித்தேன். இன்றைக்கும் அந்த வாடை வந்தால் எனக்கு நெடுங்கணக்கு மறந்துபோகும்.

1962இல் எங்கள் ஊரை இந்தியாவுக்குக் கொடுக்க பிரான்ஸ் போட்ட ஒப்பந்தம் அமலுக்கு வந்தது. எல்லாரும் இந்தியர், பிரெஞ்சுக்காரராகவே இருக்க விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். பதினெட்டு வயது ஆனவர்கள் தாங்களே எழுதலாம். ஆகாதவர்கள் அப்பா எந்தப் பக்கமோ அந்தப் பக்கம். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. "நான் அங்க போய் அவங்களுக்கு ரொட்டி சுடக் கத்துக் குடுக்கவா?" என்று கேட்டார்.

எனக்கு நிஜ வயது பதினாறு. அதாவது நான் அப்பாவோடு இந்தியன். ஆனால் காகிதத்தில் எனக்குப் பதினெட்டு தாண்டியிருந்தது. கூட்டாளிகள் இரண்டு பேர் எழுதிக் கொடுக்கப் போனார்கள். பாரிசில் பனி பெய்யும், கம்பளிக் கோட்டு போட்டுக்கொள்ளலாம் என்றார்கள். பிரெஞ்சு நாகரிகத்தின் மேல் எனக்கு இருந்த பற்றெல்லாம் அந்தக் கோட்டின் மேல் இருந்த ஆசைதான். போய்க் கையெழுத்துப் போட்டேன். அண்ணன் பெயரில், அண்ணன் வயதில், அண்ணன் பிறந்த ஊரில்.

சட்டப்படி பார்த்தால், பிரான்சின் குடிமகன் ஒன்றரை வயதில் பொறையாறில் இறந்துபோனான். அவன் சார்பில் நான் இங்கே குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

4

அறுபதுகளின் கடைசியில் இங்கே வந்தேன். பாரிசுக்கு வடக்கே ஒரு புறநகரில் வீடு. தபால்களைப் பிரித்து அடுக்குகிற வேலை. குடிமக்களுக்கு மட்டும் கொடுக்கிற அரசாங்க உத்தியோகம். வீட்டிலிருந்து ரயிலடி, ரயிலடியிலிருந்து அலுவலகம், பிறகு அதே வழியில் திரும்பல். சக ஊழியர்களுக்கு என் பெயர் முழுதாக வாயில் நுழையவில்லை. 'ஆரோ' என்று சுருக்கிக்கொண்டார்கள். அண்ணன் வயதுப்படி இரண்டரை வருடம் முன்னதாகவே ஓய்வு பெறலாம் என்று ஒருநாள் கணக்குப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, அன்று முழுவதும் என் மூஞ்சியைக் கண்ணாடியில் பார்க்கப் பிடிக்காமல் இருந்தேன்.

என் மனைவி செலினுக்கு விஷயம் தெரியும். கல்யாணமான புதிதில் நடுக்கத்தோடு சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "அப்ப நான் வாக்கப்பட்டது உங்க அண்ணனுக்காங்க?" என்று கேட்டாள். அதிலிருந்து சண்டை வந்தால், "உங்க அண்ணனா இருந்தா இப்படிப் பேசுவாரா?" என்பாள். இல்லாத மைத்துனரைப் போல நல்ல மைத்துனர் உலகத்தில் கிடையாது.

பயம் சக ஊழியர்களைப் பற்றியோ அதிகாரிகளைப் பற்றியோ அல்ல. நம்மவர்களைப் பற்றி. நம் ஊர்க்காரனுக்கு மொட்டைக் கடிதாசி எழுதுவது கைவந்த கலை. காரைக்காலில் மனை விலையையோ பெண்ணையோ பற்றித் தகராறு வந்தால், அடுத்த மாதம் பாரிசில் ஏதோ ஒரு அலுவலகத்துக்குக் கடிதம் போகும்: இன்னாருடைய தாள்கள் சரியில்லை. கடிதங்களைப் பிரித்து அடுக்குகிறவன் நான். தமிழ்நாட்டு, பாண்டிச்சேரி முத்திரையோடு அரசாங்க அலுவலகத்துக்கு ஒரு உறை வந்தால், என் கை அதை அடுக்கும் முன் ஒரு வினாடி நிற்கும். வாசித்ததில்லை. அந்த அளவுக்காவது நாணயம் மிச்சம் இருந்தது. இல்லை, திறந்து பார்க்கத் தைரியம் இல்லை.

நான் அதிகமாகப் பயந்தது தனிஸ்லாஸ் அண்ணனுக்குத்தான். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோன் வரை போய் வந்தவர், ஓய்வுபெற்ற சார்ஜென்ட். இங்குள்ள எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர். ஒவ்வொரு கோடையிலும் காரைக்காலுக்குப் போய், வரிச்சிக்குடி வயலில் இருந்து திருநள்ளாறு கடைத்தெரு வரை யார் வீட்டில் என்ன நடந்தது என்று மூட்டை கட்டிக்கொண்டு வருவார். அவரை எதிரே கண்டால் நான் எதிர் நடைபாதைக்குப் போய்விடுவேன்.

5

கிளாராவிடம் பொய் சொன்ன அதே வாரம் அம்மாவின் கடிதம் வந்தது. அம்மா கன்னியாஸ்திரிகள் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள். சுற்றி வளைக்க மாட்டாள்.

"சின்னவனுக்கு அம்மா எழுதுவது. நான் சௌகரியம். பொறையாறு கல்லறைத் தோட்டத்தில் இடம் பத்தவில்லையாம். பேர் எழுதிய கல் இல்லாத குழிகளை அடுத்த வருடக் கல்லறைத் திருநாளுக்குப் பிறகு வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று பங்குச் சாமியார் பூசையில் சொன்னார். அண்ணனுக்கு மரச் சிலுவை மட்டும்தான் இருக்கிறது. கல் வைக்க வேண்டும். பேர், பிறந்த தேதி, இறந்த தேதி போட வேண்டும். நீ வா."

கடிதத்தைப் படித்துவிட்டு நான் செய்த காரியம் இன்றைக்கும் கூசுகிறது. அம்மாவுக்கு மாற்று யோசனைகள் எழுதி அனுப்பினேன். சிலுவை மட்டும் செதுக்கினால் போதாதா? 'குழந்தை' என்று போடலாமே? பெயரின் முதல் எழுத்து மட்டும்? தேதி இல்லாமல்? நாலு பக்கம் எழுதினேன். பதில் ஒரு வரியில் வந்தது.

"நீ வா என்றுதான் எழுதினேன், யோசனை சொல்லு என்று எழுதவில்லை."

செலின் சிரித்தாள். "பொறையாறு கல்லறையில தமிழ்ல எழுதினத, பாரிசுலேருந்து எந்த அதிகாரிங்க வந்து எழுத்துக்கூட்டிப் படிக்கப் போறாரு?"

"அதிகாரி படிக்க மாட்டாரு. தனிஸ்லாஸ் படிப்பாரு."

"படிக்கட்டுமே. உங்க அம்மா படிக்க வேணாமா?"

நியாயமாக ஒரு வழி கண்டுபிடிப்போம் என்று, விடுப்பு எடுத்துக்கொண்டு நீதிமன்றக் கட்டடத்தின் விசாரணை மேசைக்குப் போனேன். அங்கிருந்த அம்மையார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். என் நண்பர் ஒருவருக்கு இப்படி ஒரு சிக்கல் என்று ஆரம்பித்து, முழுவதையும் சொன்னேன்.

"உங்கள் நண்பர் முதலில் அண்ணனின் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும்," என்றார்.

"செய்தால்?"

"பிறப்புச் சான்றிதழில் இறந்தவர் என்று குறிக்கப்படும்."

"அப்புறம் என் நண்பர்?"

"அவருக்குச் சான்றிதழ் இல்லாமல் போகும். புதிய பதிவுக்கு மனுப் போடலாம்."

"யார் போடுவது மதாம்? அவர்தான் இறந்துவிட்டாரே."

அம்மையார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அதுதான் சிக்கல்," என்றார். பிறகு இரக்கத்தோடு ஒரு தாளை நீட்டினார். வந்தவர் பெயர், முகவரி எழுத வேண்டிய தாள். பேச்சு மும்முரத்தில் என் பெயரை அழகாக எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சுதாரித்தேன். அவர் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

"உங்கள் நண்பருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்."

பிரெஞ்சு நிர்வாகத்தைப் பற்றி நான் எத்தனையோ குறை எழுதியிருக்கிறேன். அந்தக் குப்பைக் கூடையை மட்டும் மறக்க மாட்டேன்.

6

இந்த ஜூலையில் போனேன். செலினும் கிளாராவும் காரைக்காலில் தருமபுரத்தில் இருக்கிற எங்கள் வீட்டிலேயே தங்கிவிட, அம்மாவும் நானும் பொறையாறுக்குப் பேருந்தில் கிளம்பினோம். பூவம் கிராமம் தாண்டி ஆற்றுப் பாலத்தருகே போலீஸ்காரர் பேருந்தை நிறுத்தினார். சட்டைப் பையில் கடவுச்சீட்டு. அதில் அண்ணன் பிறந்த தேதி. அவர் அதைக் கேட்கவே இல்லை.

"பாட்டில் இருக்கா?"

"இல்லீங்க."

"வெளிநாடா? நெசமாவே இல்லியா?"

இல்லை என்றதும் நம்பாமல் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஏமாற்றத்தோடு இறங்கிப் போனார். இரண்டு சாம்ராஜ்யங்களும் மூட்டை கட்டிக்கொண்டு போய் எத்தனையோ வருடமாகிறது. அவர்கள் போட்ட கோடு மட்டும், காரைக்கால் சாராயம் ஆறு தாண்டாமல் பார்ப்பதற்காக அங்கேயே இருக்கிறது. என்னைத் தேடி யாரும் அங்கே நிற்கவில்லை.

கல் செதுக்குகிறவர் ஒரு புளியமரத்தடியில் வேலை செய்துகொண்டிருந்தார். நான் வழியிலேயே ஒரு தாளில் எழுதி வைத்திருந்ததை அவரிடம் நீட்டினேன். 'ஆ. சா. – குழந்தை' என்று இருந்தது. அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கத்திலாவது ஏதாவது இருக்குமா என்று.

"இவ்வளவுதானா? முழுப்பேர் சொல்லுங்க."

"ஆரோக்கியசாமி," என்றாள் அம்மா.

"உங்க பேருங்க? கல்லு ஆச்சுன்னா யாருக்குச் சொல்லி அனுப்புறது?" என்று என்னைக் கேட்டார்.

"ஆரோக்கியசாமி," என்றேன்.

அவர் உளியைக் கீழே வைத்தார். "ஓ, உங்களுக்கேவா. வெளிநாட்டுக்காரங்க உசிரோட இருக்குறப்பவே செஞ்சு வெச்சுக்கறதுண்டுங்க. ஆனா எறந்த தேதி இப்பப் போட முடியாதுங்களே."

சிரிக்கத்தான் வந்தது. அம்மா சிரிக்கவில்லை. என் கையிலிருந்த தாளை வாங்கி இரண்டாகக் கிழித்தாள்.

"அவன் பேர்ல நீ வேல பாக்குற. அவன் பேர்ல கல்யாணம் கட்டின. உன் பொண்ணு பள்ளிக்கூடத்துல அப்பா பேரு என்னன்னா அவன் பேரத்தான் சொல்றா. எல்லாத்தயும் உனக்குக் குடுத்துட்டு அவன் இங்க மண்ணுல கெடக்குறான். அவன் பேர ஒரு கல்லுல எழுதுறதுக்கு உன்கிட்ட நான் சம்மதம் கேக்கணுமாடா?"

கல் செதுக்குகிறவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். மேலதிகாரியிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், அலுவலக மேசைகளில் அவமானப்பட்டிருக்கிறேன். அன்றைக்கு வெட்கப்பட்டதுபோல எப்போதும் பட்டதில்லை. அவனை நான் ஒரு காகிதமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அவன் காய்ச்சலோடு மடியில் கிடந்த பிள்ளை. மூன்று நாளும் இரவும் பகலும் அவள் மடியிலேயே கிடந்தவன்.

"எழுதிக்குங்க," என்றேன். பெயரையும் பிறந்த தேதியையும் நானே சொன்னேன். அந்தத் தேதி எனக்கு மனப்பாடம். நூறு படிவங்களில் என் தேதி என்று எழுதியிருக்கிறேன். இறந்த தேதியை அம்மா சொன்னாள். அதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

7

இரண்டு வாரத்தில் கல் தயாரானது. சாமியார் அதை மந்திரித்து ஆசீர்வதிக்கிற நாளில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனால், வாசலில் வெள்ளைச் சட்டையும் பட்டாளத்துத் தொப்பியுமாக நின்றுகொண்டிருந்தார் தனிஸ்லாஸ் அண்ணன்.

"நாந்தான் வரச் சொன்னேன்," என்றாள் அம்மா. "மந்திரிக்கறப்ப நாலு பேர் வேணாமா?"

ஓடுவதற்கு எதிர் நடைபாதை இல்லை. வேப்பமரத்துக்குப் பின்னால் ஒதுங்கினேன். மூன்று அடி அகலமுள்ள ஆள் ஒரு அடி மரத்துக்குப் பின்னால் ஒளிவது எவ்வளவு பயனுள்ளது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். அவர் கல்லருகே போய்க் குனிந்தார். பெயரை வாசித்தார். பிறந்த தேதியை வாசித்தார். எங்கள் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் முழுவதும் அவர் கையெழுத்தில் இருக்கிறது. அந்தத் தேதி அவருக்கு நன்றாகத் தெரியும். இறந்த தேதியை வாசித்தார். தொப்பியைக் கழற்றினார். திரும்பி மரத்தைப் பார்த்தார்.

"தம்பி, வெளிய வா."

வந்தேன்.

"இதுக்காகவா இத்தன வருஷமா என்னப் பாத்தா ஓடுன? சங்கத் தேர்தல்ல எனக்கு எதிரா ஓட்டுப் போட்டுட்டு மூஞ்சி காட்ட முடியாம ஓடுறேன்னுல்ல நெனச்சேன்."

"அதுவும் போட்டேண்ணே," என்றேன். எப்படியும் உண்மை சொல்கிற நாள்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "சைகோன்ல என் கம்பெனியிலேயே ஒரே சான்றிதழ்ல அண்ணனும் தம்பியும் இருந்தானுங்க. ஒருத்தன் ஊருக்குப் போனா இன்னொருத்தன் வரிசையில நிப்பான். அதிகாரிக்கு நம்ம மூஞ்சியெல்லாம் ஒரே மூஞ்சிதான், எங்க கண்டுபுடிச்சான்? நம்ம ஊர்ல வீட்டுக்கு வீடு தேடினா ஒண்ணு கெடைக்கும். உன்ன மட்டும்தான் தேடிக்கிட்டு இருக்கான்னு நெனச்சியா?"

ஆமாம், அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு சாம்ராஜ்யம் முழுவதும் என் ஒருவனைப் பிடிப்பதற்காகக் கண் விழித்துக் காத்திருப்பதாக. அவ்வளவு பெரிய ஆளாக என்னை நினைத்துக்கொண்டது நான் ஒருவன்தான் போலிருக்கிறது. பதினைந்து வருடம் சுமந்த பயம், மீன் எண்ணெய் குடித்ததைப் போல வீணாகப் போனது. உடம்பெல்லாம் இலேசானது. நல்ல சாப்பாடு கிடைத்தால் தேவலை என்றுகூடத் தோன்றியது.

சாமியார் வந்தார். செபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். மெழுகுவர்த்தி கொளுத்தினோம். சாமியாரை வாசல் வரை வழியனுப்பத் தனிஸ்லாஸ் அண்ணன் கூடப் போனார். அம்மா மட்டும் கல்லருகே மண்ணில் உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டடி தள்ளி நின்றேன். அவள் விரலால் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை எழுத்துக்கூட்டுவதுபோல. கடைசி எழுத்து வந்ததும் கையை எடுக்காமல் கூப்பிட்டாள்.

"ஆரோக்கியசாமி."

அந்தப் பெயரைச் சொல்லி அவள் யாரையும் கூப்பிட்டு நான் அதுவரை கேட்டதில்லை. மருத்துவமனையில், வங்கியில், மகளின் பள்ளியில், நீதிமன்ற வாசலில் அந்தப் பெயரை யார் கூப்பிட்டாலும் எழுந்து நிற்கிற பழக்கம் எனக்கு. வாய் தானாகத் திறந்துவிட்டது.

"என்னம்மா?"

அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கோபமும் இல்லை அவள் குரலில்.

"உன்னக் கூப்புடலடா சின்னவனே," என்றாள். "நீ கொஞ்சம் பேசாம இரு."